துளி உறைவுச் சோதனைப் பெட்டி: தட்டுக்கு முழு மதிப்பெண், கையேட்டுக்குப் பாதி

நீர் சுழியம் டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்தவர்கள், தூய நீரின் சிறு துளியொன்று மைனஸ் 15 டிகிரியிலும் தெளிந்த திரவமாகவே நிற்பதை முதன்முறை பார்க்கும்போது வெப்பமானி பழுதாகிவிட்டதோ என்றுதான் ஐயுறுவார்கள். அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகவும், சில்வர் அயோடைடு போன்ற படிகங்கள் அந்த நீரை எவ்வாறு உறையத் தூண்டுகின்றன என்பதைக் கண்ணெதிரே காட்டுவதற்காகவும் செய்யப்பட்ட சோதனைப் பெட்டி ஒன்றை ஏறத்தாழ மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும், வீட்டிலேயே கவனமாகச் சோதனை செய்யும் பழக்கமுள்ளவர்களுக்கும் இந்த மதிப்பீடு உதவும் என்று எண்ணி எழுதுகிறேன். இதில் சில குறைகளைச் சொல்லப்போவதால் தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்; இவ்வகைப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் வருவதால், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்குப் பெயர் தேவைப்படாது.

பெட்டிக்குள் இருப்பவை இவை: உள்ளங்கை அளவிலான அலுமினியத் தட்டு, அதன் அடியில் இரண்டடுக்கு பெல்டியர் குளிர்விப்பான் (மின்சாரத்தால் வெப்பத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்தும் சில்லு), அதன் வெப்பத்தை வெளியேற்றக் குளிர்ந்த நீரைச் சுழலவிடும் சிறு பம்பு, நீர் ஒட்டாத பூச்சுள்ள கண்ணாடிச் சில்லுகள், ஒரு மைக்ரோலிட்டர் அளவை எடுக்கும் மைக்ரோபிப்பெட், கைப்பேசியை மேலிருந்து பிடித்து நிறுத்தும் தாங்கி, பிறகு நான்கு புட்டிகள். புட்டிகளில் முறையே சில்வர் அயோடைடு, கயோலின் களிமண், பொட்டாசியம் ஃபெல்ஸ்பார் கனிமத்தூள், கொல்லப்பட்டு உறைநிலையில் உலர்த்தப்பட்ட சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் தூள் ஆகியவை உள்ளன. லெட் அயோடைடும் நல்ல பனிக்கருதான் (நீரை உறையத் தூண்டும் பொருள்தான்) என்றாலும் ஈயச் சேர்மம் என்பதால் அதைச் சேர்க்காமல் விட்டது சரியான முடிவு.

முதலில் தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பாராட்ட வேண்டியது அங்கேதான் அதிகம். மைனஸ் 30 டிகிரி வரை செல்லும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். சுழலும் நீரில் பனிக்கட்டி போட்டு வைத்தால் எனக்கு மைனஸ் 27 வரை சென்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை. இந்தச் சோதனைகளுக்கு அதுவே போதும். நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று குளிர்விக்கும் வேகத்தை நிர்ணயித்தால் அந்த வேகத்திலிருந்து தட்டு விலகுவதில்லை. நடுவில் வைத்த துளியும் ஓரத்தில் வைத்த துளியும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றனவா என்பதைச் சிறு வெப்பமானி கொண்டு சரிபார்த்தேன். வேறுபாடு அரை டிகிரிக்குள்தான் இருந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: உணரி தட்டுக்குள் இருக்கிறது, துளிக்குள் இல்லை. வேகத்தைக் கூட்டினால் தட்டு முன்னே ஓடத் துளி பின்தங்கும். காட்டப்படும் எண் துளியின் உண்மையான வெப்பநிலையைவிடக் குறைவாக இருக்கும்.

தட்டின் மீது கவிழ்க்கும் ஒளிபுகும் மூடியும் அதன் ஓரத்தில் வைக்க வேண்டிய சிலிக்கா ஜெல் பொட்டலமும் அலங்காரத்துக்காகத் தரப்பட்டவை அல்ல. இதைக் கையேடு ஒரு வரியில் கடந்து போகிறது. நான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரே வெப்பநிலையில் மீக்குளிர்ந்த (சுழியத்துக்குக் கீழும் உறையாமல் நிற்கும்) நீருக்கு மேலுள்ள நீராவி அழுத்தத்தைவிடப் பனிக்கட்டிக்கு மேலுள்ள நீராவி அழுத்தம் குறைவு. ஆகவே ஒரு துளி உறைந்தவுடன், அருகிலுள்ள உறையாத துளிகளிலிருந்து நீராவி கிளம்பி உறைந்த துளியின் மேல் படியத் தொடங்கும். அதைச் சுற்றிக் கண்ணாடியில் பனிப்பூ விரியும். அது பக்கத்துத் துளியைத் தொட்டுவிட்டால், எந்தக் கருவும் இல்லாத துளிகூட அந்தத் தொடுகையாலேயே உறைந்துவிடும். முதல் நாள் மூடியில்லாமல் செய்த சோதனையில் என் முப்பத்தாறு துளிகளும் சங்கிலிபோல் அடுத்தடுத்து உறைந்தன. முடிவு முழுவதும் வீண். ஆனால் அந்தத் தவறுதான் பெட்டி காட்டும் மிக அழகான காட்சியும்கூட. குளிர்ந்த மேகத்தில் நீர்த்துளிகள் சுருங்கப் பனிப்படிகங்கள் வளர்வதற்கும், அத்தகைய மேகங்களில் பனிக்கருக்களைத் தூவி மழையைத் தூண்டும் மேக விதைப்பு என்ற முயற்சிக்கும் அடிப்படையான, வெகேனர், பெர்கெரான், ஃபின்டைசன் ஆகியோரின் பெயரால் வழங்கும் நிகழ்வு இதுவேதான். கையேடு இதை ஒரு தனிச் சோதனையாகவே வைத்திருக்கலாம்.

இனிச் சோதனைகளுக்கு வருவோம். காய்ச்சி வடித்த நீரை எதுவும் கலக்காமல் வைத்தபோது என் துளிகள் மைனஸ் 18க்கும் 25க்கும் இடையில் ஒன்று ஒன்றாக உறைந்தன. சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள முற்றிலும் தூய துளிகள் மைனஸ் 38 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த பிறகே தாமாக உறையும். அவற்றைவிடப் பல மடங்கு பெரிய என் துளிகள் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு தூசியோ கண்ணாடியின் ஒரு கீறலோ இருந்திருக்கும் என்பதே இந்த வேறுபாட்டின் பொருள். உறையும் கணத்தைத் தவறவிட முடியாது: கண்ணாடி மணிபோல் தெளிந்திருந்த துளி நொடிப்பொழுதில் பால்போல் வெளுக்கிறது. அந்தக் கணத்தில் துளி முழுவதும் பனிக்கட்டியாகிவிடுவதில்லை. ஒரு கிராம் நீர் உறையும்போது 334 ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. மைனஸ் 10 டிகிரியில் உள்ள துளியில் எட்டில் ஒரு பங்கு உறைவதற்குள்ளாகவே அந்த வெப்பம் துளியைச் சுழியம் டிகிரிக்கு ஏற்றிவிடும். எஞ்சிய நீர், தட்டு வெப்பத்தை உறிஞ்சும் வேகத்துக்கு ஏற்ப நிதானமாக உறைகிறது. கைப்பேசியில் எடுத்த படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இந்த இரண்டு கட்டங்களும் தனித்தனியே தெரியும்.

நீர் ஏன் இப்படித் தயங்குகிறது என்பதைக் கையேடு நன்றாகவே விளக்குகிறது. திரவத்துக்குள் சில மூலக்கூறுகள் தற்செயலாகப் பனிக்கட்டியின் அமைப்பில் கூடினாலும், அந்தக் கூட்டம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டாதவரை அதன் மேற்பரப்பை உருவாக்குவதற்கான ஆற்றல் செலவு உள்ளே கிடைக்கும் ஆதாயத்தை விழுங்கிவிடுகிறது, கூட்டம் கலைந்துபோகிறது. மைனஸ் 5 டிகிரியில் அந்த வரம்பின் ஆரம் ஏறத்தாழ 10 நானோமீட்டர். மைனஸ் 38இல் அது ஒன்று அல்லது ஒன்றரை நானோமீட்டராகச் சுருங்குகிறது. அந்நியப் பரப்பு ஒன்று கூட்டத்துக்குத் தளமாக அமைந்தால் செலவு குறையும், கூட்டம் பிழைக்கும். பனிக்கரு என்பது இவ்வாறு தளம் தரும் பொருள்தான். அது நீரைக் குளிரவைப்பதில்லை, நீரோடு வேதிவினை புரிவதுமில்லை. இந்த இரண்டு தவறான எண்ணங்களும் படித்தவர்களிடமே பரவலாக இருப்பதால், கையேட்டின் மூன்றாம் பக்கத்தை மாணவர்கள் இருமுறை படிக்கட்டும் என்பேன்.

பெட்டியின் தலைமைப் பொருளான சில்வர் அயோடைடில்தான் எனக்கு ஏமாற்றம் நேர்ந்தது. கையேட்டின்படி சிறிது தூளை நீரில் இட்டுக் குலுக்கித் துளிகளாக வைத்தேன். பாதித் துளிகள் மைனஸ் 6 டிகிரியை ஒட்டி உறைந்தன. மீதிப் பாதி, கரு எதுவும் இல்லாத நீரைப் போலவே, மைனஸ் 19 வரை தாக்குப்பிடித்தன. காரணம் தூளிலேயே இருந்தது. சில்வர் அயோடைடு நீரில் ஏறக்குறைய கரையவே கரையாது; அதன் அடர்த்தி நீரைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல். புட்டியில் வந்த தூள் பருமனாகவும் கட்டிகட்டியாகவும் இருந்ததால், குலுக்கிய சில நொடிகளில் அடியில் படிந்துவிட்டது. பிப்பெட் எடுத்த துளிகளில் பலவற்றுக்கு ஒரு துகள்கூடக் கிடைக்கவில்லை. குலுக்கினால் போதும் என்ற அறிவுரை இந்தத் தூளுக்குப் பொருந்தாது. மேலும், ஒளிபட்டால் சிதையும் பொருளை நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் அனுப்பியிருக்கிறார்கள். வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டிய தூளின் மேற்பகுதி சாம்பல் நிறமேறியிருந்தது. புற ஊதா ஒளி பட்டால் காற்றில் மிதக்கும் சில்வர் அயோடைடுத் துகள்களின் கருவாக்கத் திறன் குறைகிறது என்பது 1950களிலேயே அறியப்பட்ட செய்தி. புகைப்படச் சுருளைச் செய்யப் பயன்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த பொருளை வெயிலில் தெரியும்படி அடைத்து அனுப்புவதை எப்படிச் சொல்வது?

ஆகவே நானே தயாரித்துப் பார்த்தேன். மிகவும் நீர்த்த சில்வர் நைட்ரேட் கரைசலையும் பொட்டாசியம் அயோடைடு கரைசலையும் மங்கிய வெளிச்சத்தில் கலந்து, கிடைத்த மெல்லிய மஞ்சள் வீழ்படிவைக் காய்ச்சி வடித்த நீரால் பலமுறை கழுவி, பால் கலங்கலாக இருக்கும்போதே துளிகளாக்கினேன். இம்முறை முப்பத்தாறில் முப்பத்துநான்கு துளிகள் மைனஸ் 5க்கும் மைனஸ் 7க்கும் இடையில் உறைந்தன. வேறுபாடு அவ்வளவு தெளிவானது. பெட்டியோடு தூளுக்குப் பதிலாக இந்த இரண்டு கரைசல்களையும் பழுப்புநிறப் புட்டிகளில் தந்திருந்தால் செலவும் குறைந்திருக்கும், மாணவர்களும் கூடுதலாகக் கற்றிருப்பார்கள். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் நாள்கணக்கில் கறுப்புக் கறை நிற்கும் என்பதால் கையுறை கட்டாயம். பெட்டியில் கையுறை இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு இணைதான்.

இந்த ஏமாற்றத்தில் ஒரு வரலாற்று ஒற்றுமை இருப்பதைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். 1946 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில் உள்ள ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வின்சென்ட் ஷேஃபர், குளிர்பெட்டிக்குள் மூச்சுக்காற்றால் உருவாக்கிய மேகத்தில் உலர்பனியை (திண்மக் கார்பன் டை ஆக்சைடை) இட்டுப் பனிப்படிகங்கள் பொழிவதைக் கண்டார். உலர்பனி அந்தக் காற்றை மிகக் கடுமையாகக் குளிர்விப்பதால் அங்கே கரு தேவைப்படவில்லை. அதே ஆய்வகத்தில் இருந்த பெர்னார்ட் வானகட் வேறு வழியில் யோசித்தார்: பனிக்கட்டியைப் போன்ற படிக அமைப்புள்ள பொருள் எது என்று படிக அளவுகளின் அட்டவணைகளைத் துருவி, லெட் அயோடைடு, ஆன்டிமனி, சில்வர் அயோடைடு ஆகிய மூன்றைத் தேர்ந்தெடுத்தார். அவர் முதலில் பயன்படுத்திய சில்வர் அயோடைடு பெரிதாக எதையும் செய்யவில்லை; அதில் மாசு கலந்திருந்தது. தூய பொருளைக் கொண்டு மீண்டும் முயன்றபோது, அவ்வாண்டு நவம்பர் 14 அன்று, குளிர்பெட்டி பனிப்படிகங்களால் நிறைந்தது. புட்டியின் மேல் ஒட்டிய பெயரை நம்பிவிடக்கூடாது என்ற பாடம் இந்தத் துறையின் முதல் நாளிலேயே கற்பிக்கப்பட்டது; அதைக் கையேட்டின் வரலாற்றுப் பெட்டிச் செய்தியில் சேர்க்காமல் வெற்றியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

கையேட்டின் மீது எனக்குள்ள பெரிய வருத்தம் இன்னொன்று. சில்வர் அயோடைடு ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அது தரும் விடை ஒரே சொல்லில் அடங்குகிறது: பொருத்தம். சாதாரணப் பனிக்கட்டியின் அறுகோண அணிக்கோவையில் (மூலக்கூறுகளின் ஒழுங்கான அடுக்கமைப்பில்) அடித்தள இடைவெளி ஏறத்தாழ 4.52 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு), அறுகோண வடிவச் சில்வர் அயோடைடில் அது ஏறத்தாழ 4.59, வேறுபாடு ஒன்றரை விழுக்காடு, ஆகவே நீர் மூலக்கூறுகள் அச்சில் வார்த்ததுபோல் அடுக்காக அமைகின்றன என்று முடித்துவிடுகிறது. வானகட்டின் தேடலுக்கு வழிகாட்டியதும் இதே எண்ணம்தான் என்பதால் இதை ஒதுக்கச் சொல்லவில்லை. 1971இல் வானகட்டே இன்னொருவருடன் சேர்ந்து, சில்வர் அயோடைடோடு சில்வர் புரோமைடையும் சேர்த்து வீழ்படிவாக்கி, அணிக்கோவையைச் சற்றுச் சுருக்கிப் பனிக்கட்டியின் அளவுக்கு நெருக்கியபோது கருவாக்கம் இன்னும் எளிதானது என்று காட்டினார். பிற்காலத்தில் சில்வர் குளோரைடு கலந்த துகள்களும் மேக விதைப்புக்குத் திறன்மிக்கவையாக அமைந்தன. பொருத்தத்துக்குப் பங்கு உண்டு.

ஆனால் அது மட்டுமே விடை என்றால் பேரியம் ஃபுளூரைடை என்ன செய்வது? அதன் ஒரு படிக முகத்தின் இடைவெளியும் அமைப்பும் பனிக்கட்டிக்கு மிக நெருக்கமானவை. இருந்தும் அது மிகச் சாதாரணமான பனிக்கரு. சில்வர் அயோடைடிலேயே இதைவிடக் கூர்மையான சான்று இருக்கிறது. அதன் அறுகோணப் படிகத்தின் ஒரு முனையில் வெள்ளி அயனிகள் வெளிப்பட்டிருக்கும், எதிர்முனையில் அயோடைடு அயனிகள் வெளிப்பட்டிருக்கும்; இரு முகங்களிலும் இடைவெளி ஒன்றே. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் செய்யப்பட்ட கணினிப் போலச்செய்தல்களில், வெள்ளி முகத்தின் மேல் நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியின் அடுக்குபோல் ஒழுங்குபட்டு உறைவு தொடங்குகிறது. அயோடைடு முகத்தின் மேல் அப்படி நிகழ்வதில்லை. அளவு ஒன்றாக இருந்தும் ஒரு கதவு திறக்கிறது, மற்றொன்று திறக்கவில்லை என்றால், மூலக்கூறுகளை எந்தத் திசையில் முகம் காட்டி நிறுத்துகிறது என்பதும், எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதும் அளவுக்கு இணையாகக் கணக்கில் வருகின்றன என்றுதானே ஆகிறது.

வேடிக்கை என்னவென்றால், கையேட்டின் இந்த எளிய விளக்கத்தை மறுக்கும் சான்றுகள் அதே பெட்டியின் மற்றப் புட்டிகளிலேயே இருக்கின்றன. பொட்டாசியம் ஃபெல்ஸ்பாருக்குப் பனிக்கட்டியோடு எளிய அளவுப் பொருத்தம் எதுவும் இல்லை. ஆயினும் என் துளிகள் மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்தன, கயோலின் கலந்தவையோ மைனஸ் 15ஐத் தாண்டித்தான் உறைந்தன. பாலைவனத் தூசியில் களிமண் அளவில் மிகுதி என்றாலும், உறைவைத் தூண்டுவதில் ஃபெல்ஸ்பாரே முதன்மையானது என்பது 2013இல்தான் தெளிவானது. அதன் வழக்கமான முகங்களில் அல்லாமல், கீறல்களிலும் படிகளிலும் வெளிப்படும் ஒரு குறிப்பிட்ட முகத்தின் மேல் பனிக்கட்டி வளர்கிறது என்று 2017இல் காட்டினார்கள். பாக்டீரியாவின் கதை இன்னும் சுவையானது. அதன் வெளிச்சவ்வில் உள்ள நீண்ட புரதம், ஒரே வகை அமினோ அமில வரிசையைத் திரும்பத் திரும்ப அடுக்கி, நீரை ஒழுங்குபடுத்தும் தட்டையான பரப்பை அமைக்கிறது. அந்தப் புட்டியிலிருந்து எடுத்த துளிகள் மைனஸ் 3 டிகிரியிலேயே வெளுத்துவிட்டன. பெட்டியின் அட்டையில் பெரிய எழுத்தில் பெயர் பெற்ற சில்வர் அயோடைடை, ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு நுண்ணுயிர் வென்றுவிடுகிறது. உயிரற்ற பொருளைக் காட்டவே இந்தப் பெட்டியை வாங்கியவர்கள்கூட அந்தப் புட்டியைத்தான் முதலில் தீர்த்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது.

கையேட்டில் இல்லாத ஒரு சோதனையை வாங்குபவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். ஒரே துளிகளை உறையவைத்து, உருக்கி, மீண்டும் உறையவைத்து, இப்படிப் பத்து முறை செய்து ஒவ்வொரு துளியும் எந்த வெப்பநிலையில் உறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். துளிக்குத் துளி வேறுபாடு இருந்தாலும், ஒவ்வொரு துளியும் தன் வெப்பநிலையை ஏறத்தாழ நினைவில் வைத்திருப்பதுபோல் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். குளிர்விக்கும் வேகத்தை நிமிடத்துக்கு ஒரு டிகிரியிலிருந்து நான்காக உயர்த்தியபோதும் என் சில்வர் அயோடைடுத் துளிகளின் உறைநிலை அரை டிகிரி அளவே நகர்ந்தது. உறைவு தற்செயல் நிகழ்வுதான். ஆயினும், துளிக்குள் இருக்கும் துகளின் மேற்பரப்பில் எந்த இடம் மிகச் சிறந்தது என்பதே அந்தத் தற்செயலுக்கு எல்லை வகுக்கிறது. ஒரு மாலைப்பொழுது செலவழித்தால் கிடைக்கும் இந்த அட்டவணை, கையேட்டின் வண்ணப் படங்கள் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது.

மற்றவை சுருக்கமாக. மைக்ரோபிப்பெட் நம்பத்தக்கது. கைப்பேசித் தாங்கி ஆடுகிறது; அடியில் ஒரு கனமான பொருளை வைக்க வேண்டியிருந்தது. கண்ணாடிச் சில்லுகளின் பூச்சு ஏழெட்டு முறை கழுவியதும் தேய்ந்து துளிகள் பரவத் தொடங்கின. மெல்லிய வாசலின் பூச்சு அந்தக் குறையைத் தீர்த்தது. வெள்ளிச் சேர்மக் கழிவை வடிகாலில் கொட்டக்கூடாது என்று கையேடு எழுதியிருப்பது சரி, ஆனால் சேகரித்து வைக்கப் புட்டி எதுவும் தரவில்லை. கல்லூரி ஆய்வகத்துக்குத் தயங்காமல் வாங்கலாம். பள்ளிக்கு என்றால், சில்வர் நைட்ரேட்டைக் கையாளப் பழகிய ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்கட்டும். தட்டு மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு மற்றவற்றை நீங்களே தேடிக்கொள்வது என் விருப்பத் தேர்வு.

நிறமேறிய தூளைப் பற்றி விற்பனையாளருக்குப் படத்துடன் எழுதினேன். பத்து நாளில், கட்டணம் ஏதும் இல்லாமல், மாற்றுப் புட்டி வந்து சேர்ந்தது. அதே நிறமற்ற கண்ணாடிதான். ஆனால் யாரோ அதைச் சுற்றிக் கறுப்புத் தாளைக் கையால் வெட்டி ஒட்டியிருந்தார்கள். உள்ளே தூள் நல்ல மஞ்சளாக இருந்தது.